ஒடிந்த பட்டையின் அருமை

எங்கள் வீட்டு அமைதிக்குக் காரணம் ஓர் ஒடிந்த இரும்புப் பட்டை.

சிலர் வீட்டில் அமைதிக்குச் சாமி காரணமாக இருக்கும். சிலர் வீட்டில் மாமியார் ஊருக்குப் போயிருப்பார். என் வீட்டு அமைதி லாரியின் முன்பக்கத்தில், இடது சக்கரத்துக்கு மேலே இருந்தது.

என் பெயர் உச்சிமாகாளி. கோவில்பட்டியில் ஒரு பழைய லாரிக்கு முதலாளி, டிரைவர், கிளீனர் மூன்றும் நானே. மூன்று பேருக்கும் ஒரே சாப்பாடு. தீப்பெட்டி ஆபீஸில் பண்டல்களை ஏற்றுவேன், குடோனில் இறக்குவேன். ஊருக்குள்ளேயே ஓட்டம். லாரிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. காலையில் கிளம்புவதற்கு முன்னால் இருவருக்கும் இருமல் வரும்.

லாரியின் முன்பக்கத்தைத் தாங்குவது எது? வில்போல வளைந்த இரும்புப் பட்டைகள். நீளமான பட்டை மேலே, அதைவிடக் குட்டையானது அதற்குக் கீழே, இன்னும் குட்டையானது அதற்கும் கீழே என்று அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டைக் கொடுத்து இறுக்கியிருப்பார்கள். அந்த அடுக்கைச் சக்கரத்தின் அச்சோடு சேர்த்துப் பிடித்திருப்பது யூ போல்ட். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் பட்டை வளைந்து கொடுக்கும். மேட்டில் ஏறினாலும் வளைந்து கொடுக்கும். குடும்பத்தில் கணவன் பார்க்கிற அதே வேலைதான்.

என் லாரியில் இடது பக்கத்துப் பட்டை ஒன்று ஒடிந்திருந்தது. பட்டையின் முனைத் துளையில் இருக்கும் புஷ் தேய்ந்திருந்தது. ஷாக் அப்சார்பர் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி போகும்போது இடது பக்கம் சாய்ந்து, யாரோ சொல்லும் ரகசியத்துக்குக் காது கொடுப்பதுபோலப் போகும். 'கடகட' சத்தத்தை வைத்தே டீக்கடையில் எனக்கு டீ போட ஆரம்பித்துவிடுவார்கள்.

பிறகு ஏன் அதைச் சரிசெய்யவில்லை என்று கேட்பீர்கள். காரணம் நாகலாபுரம்.

நாகலாபுரம் என் மனைவி சுப்புத்தாயின் ஊர். நல்ல ஊர். நல்ல மனிதர்கள். ஆனால் நான் அங்கே போய் இறங்கினால் "மாப்பிள்ளை வந்துட்டாரு" என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். "வண்டி வந்துட்டு" என்பார்கள். அடுத்த நிமிடம் ஒரு மச்சினன் மிளகாய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருவான். இன்னொருவன் ஆட்டுக்குட்டிகளை ஓட்டிக்கொண்டு வருவான். ஒருமுறை நான் காபியைக் குடித்து முடிப்பதற்குள் ஒரு கல்யாணக் கூட்டமே ஏறி உட்கார்ந்துவிட்டது. யாருக்குக் கல்யாணம் என்பதைப் பாதி வழியில்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பட்டை ஒடிந்தது. லாரிக்கு வந்த காயம். எனக்கு வந்த வரம்.

"சுப்பு, இனிமே நாகலாபுரம் ரோட்டுக்கு இந்த வண்டி தாங்காது" என்று சொல்லிவிட்டேன். வண்டி இல்லாமல் எனக்கு மட்டும் அங்கே என்ன வேலை? நானும் போவதை நிறுத்தினேன். அவள் பஸ்ஸில் போய் வந்தாள். விசேஷம் முடிந்து வந்து கல்யாண ஆல்பங்களைக் காட்டுவாள். பந்தியில் எடுத்த படங்களை மட்டும் நான் கவனமாகப் பார்ப்பேன்.

இப்படி நிம்மதியாக இருந்தபோது, ஆடி மாதத்தில் ஒருநாள் சுப்புத்தாய் தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஏங்க, தம்பி குருசாமி வீட்டைக் கட்டி முடிச்சிட்டான். ஐப்பசியில பால்காய்ப்பு. அக்கான்னு நான் ஒரு பீரோ கொண்டு போய் இறக்கணும்."

"தாராளமா இறக்கு."

"எதுல கொண்டு போக? பஸ்ஸுலயா?"

"கண்டக்டர்கிட்ட கேட்டுப் பாரு. நிக்கிறதுக்குத்தான இடம் வேணும், பீரோ உக்காராதுல்லா."

"நம்ம வண்டியில கொண்டு போவோம்ங்கேன்."

"ஏட்டி, பட்டை ஒடிஞ்சு கெடக்கு. எட்டயபுரம் தாண்டுததுக்குள்ள பீரோ தனியா, கதவு தனியா, கண்ணாடி தனியா வரும். ஒரு வாடகை வண்டியைப் பிடி."

"வாசல்ல லாரிய நிப்பாட்டி வச்சிக்கிட்டு, வாடகை வண்டியில போய் இறங்கினா எங்க ஊர்ல சிரிக்க மாட்டாவளா?"

"சிரிச்சா நல்லதுதான. விசேஷ வீடு."

சுப்புத்தாய் என்னைப் பார்த்தாள். தோசைக் கரண்டியைப் பார்த்தாள். "சரி" என்றாள்.

இத்தனை வருட அனுபவத்தில் சொல்கிறேன். மனைவி திட்டினால் பயப்பட வேண்டியதில்லை. அழுதால்கூடச் சமாளிக்கலாம். "சரி" என்று சொன்னால் மட்டும் உஷாராக வேண்டும். நான் உஷாராகவில்லை. இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஆவணி பிறந்தது. ஒருநாள் மத்தியானம் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"வண்டிய வித்திருவோம்."

எனக்குப் புரை ஏறியது. "எந்த வண்டிய?"

"நம்ம வீட்டுல என்ன ஏழெட்டு வண்டியா நிக்குது? நாகலாபுரம் வரைக்கும் போக முடியாத வண்டி நமக்கு எதுக்கு? கயத்தாறுல ஒருத்தர் பழைய வண்டி கேக்காராம். நாளைக்கு வந்து பாக்கேன்னாரு."

"போக முடியாதுன்னு யாரு சொன்னா?"

"நீங்கதான சொன்னீங்க."

ஆமாம், நான்தான் சொன்னேன். வருடக் கணக்கில், வாய் ஓயாமல், விளக்கமாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது மாற்றிச் சொன்னால் பீரோ ஏறும். மாற்றாவிட்டால் லாரி போகும். நான் ரசத்தை ஊற்றச் சொன்னேன்.

மறுநாள் அந்த மனிதர் வந்தார். மொடமொடவென்று வெள்ளைச் சட்டை. பையில் பேனா. கக்கத்தில் பை. பெயர் யோகராஜ் என்றார். லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன் சக்கரத்தை ஓங்கி ஓர் உதை உதைத்தார். திரும்பிச் சுப்புத்தாயைப் பார்த்தார். பிறகு, "முன்பக்கம் ஆடுது" என்றார்.

நின்றுகொண்டிருக்கிற வண்டி ஆடுவது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

"ஆமா அண்ணாச்சி, பயங்கரமா ஆடும். வாங்கினா நீங்க வருத்தப்படுவீங்க" என்றேன், உருக்கமாக.

அவர் மறுபடியும் சுப்புத்தாயைப் பார்த்தார். "ஓடுதுல்லா?"

"ஓடும்" என்று அவள் முந்திக்கொண்டாள்.

"ஓடினாப் போதும். ஆயுத பூஜை கழிச்சு வந்து எடுத்துக்குதேன்."

அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் நான் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்துவிட்டேன். ஓடினால்தானே எடுப்பாய்? ஓடாது. சக்கரம் இருந்தால்தானே ஓடும்? இருக்காது. முன்பக்கம் முழுவதையும் கழற்றிப்போட்டு, வேலை நடக்கிறது என்று சொல்லிக்கொண்டு, வேலை நடக்காமல் பார்த்துக்கொள்வேன். கயத்தாறுக்காரர் வந்து வந்து பார்த்துச் சலித்து வேறு வண்டி வாங்கிவிடுவார். பட்டைகள் தரையில் கிடக்கும்போது பீரோவைப் பற்றியும் யாரும் பேச முடியாது. சொல்லப் போனால், இந்த யோசனைக்காக என்னை நானே தட்டிக்கொடுத்தேன். கை எட்டவில்லை, தோளோடு நிறுத்திக்கொண்டேன்.

"சுப்பு! முன்பக்கம் முழுசையும் அவுத்து வேலை பாக்கப் போறேன். வீட்டுலயே. நானே."

தடுப்பாள் என்று நினைத்தேன்.

"நல்லது" என்றாள். "அவசரப்படாம, பொறுமையாப் பாருங்க."

பொறுமையைப் பற்றி அவள் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வேலை செய்யாமல் இருப்பதில் என்னைவிடப் பொறுமைசாலி இந்த வட்டாரத்தில் கிடையாது.

எங்கள் வீட்டுப் பக்கத்தில் காலி இடம். சுத்தமான கரிசல் மண். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். காய்ந்தால் வெடித்து, கை நுழைகிற அளவுக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த நான், அந்த மண்ணில் ஜாக்கியை வைத்துத் திருகினேன். திருகத் திருக லாரி மேலே வரவில்லை. ஜாக்கி கீழே போனது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எழுந்தது. பக்கத்து வீட்டுப் பால்துரை அண்ணாச்சி. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்துதான் ஓய்வு. செய்தி பட்டுவாடாவை அவர் இன்னும் நிறுத்தவில்லை.

"என்ன அண்ணாச்சி, ஜாக்கிய நட்டு வைக்கீங்களா? தண்ணி ஊத்தினா நல்லா வளரும்."

"வே, சும்மா இரும். முன் பட்டை வேலை."

"அடியில கல்லு வைக்காம எப்படி நிக்கும்?"

"அது எங்களுக்குத் தெரியும்."

அவர் தலை இறங்கும்வரை காத்திருந்து, கல் தேடினேன். வீட்டுக்குப் பின்னால் சுப்புத்தாய் துணி துவைக்கும் கல் இருந்தது. நல்ல அகலம். நல்ல கனம். அதை உருட்டிக்கொண்டு வந்து ஜாக்கிக்கு அடியில் வைத்தேன். லாரி எழுந்தது. வண்டியின் அடிச்சட்டமான சேஸுக்குக் கீழே கட்டைகளைக் கொடுத்தேன். சக்கரங்களைக் கழற்றினேன். துருப்பிடித்த யூ போல்ட் நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, ஊறவிட்டு, ஸ்பேனரில் குழாயை மாட்டித் தொங்கினேன். சில நட்டுகள் கழன்றன. சில நேரம் நான் கழன்று விழுந்தேன். கடைசியில் அச்சு, பட்டைகள், பின்கள், புஷ்கள் எல்லாம் சாக்கில் வரிசையாகப் படுத்திருந்தன. லாரி, பல் செட்டைக் கழற்றி வைத்த முகம்போல முன்னால் ஒன்றுமில்லாமல் நின்றது.

அதன்பிறகு என் உண்மையான வேலை ஆரம்பமானது. சாப்பிட்டதும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் போய்ப் படுப்பேன். நல்ல நிழல். கொஞ்சம் காற்று. தட்டுகிற சத்தம் கேட்பதற்காக அவ்வப்போது இரும்பில் இரும்பைத் தட்டுவேன். தட்டிக்கொண்டே தூங்கவும் பழகிவிட்டேன்.

ஒருநாள் ஒரு வாளித் துணி என் முகத்துக்கு நேரே வந்து இறங்கியது.

"என்னட்டி இது?"

"துணி. துவைக்கிற கல்லு உங்க பக்கத்துலதான இருக்கு? நான் குனிஞ்சு உள்ள வந்தா இடுப்பு பிடிச்சுக்கிடும். நீங்க அங்கனதான படுத்திருக்கீங்க."

"நான் வேலை பாக்குதேன்!"

"தட்டுத வேலைதான? துணியத் தட்டுங்க."

கல்லில் பாதியை ஜாக்கி எடுத்துக்கொண்டது. மீதிப் பாதியில், லாரிக்கு அடியில் ஒருக்களித்துப் படுத்தபடி, என் வேட்டியை நானே துவைத்தேன். அன்று மாலை டீக்கடைக்குப் போனபோது எல்லோரும் என் வேட்டியின் வெண்மையைப் பாராட்டினார்கள். பால்துரை அண்ணாச்சியின் பட்டுவாடா தாமதமானதே கிடையாது.

ஆனாலும் நான் அசரவில்லை. நாகலாபுரத்துக்குப் பாரம் ஏற்றுவதைவிடத் துணி துவைப்பது சுலபம். வேலை இன்னும் கொஞ்சம் இழுக்கட்டும் என்று, ஒரு மத்தியானம் யாரும் பார்க்காத நேரத்தில், யூ போல்ட் நட்டுகளை எடுத்து மண் வெடிப்புக்குள் ஒவ்வொன்றாகப் போட்டேன். 'டொங்' என்ற சத்தம்கூட வரவில்லை. கரிசல் மண் ரகசியம் காக்கும் மண்.

"சுப்பு, நட்டெல்லாம் வெடிப்புக்குள்ள விழுந்திருச்சு. என்ன செய்ய? வேலை நின்னு போச்சு" என்றேன், சோகமாக.

"நட்டு கடையில கெடைக்கும்லா?" என்றது வேலிக்கு மேலே தலை.

"வே, இது அந்தக் காலத்து மரை. இப்ப உள்ள நட்டு இதுல ஏறாது."

"அடடா" என்றாள் சுப்புத்தாய். "கோழி தட்டி விட்டிருக்கும்."

என்மீது அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. கோழிமீதுதான் வந்தது. எங்கள் வீட்டில் கோழி கிடையாது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

புரட்டாசி பிறந்தது. ஆயுத பூஜை நெருங்கியது. சுப்புத்தாய் போனை வைத்துவிட்டு வந்தாள்.

"கயத்தாறுக்காரர் பேசினாரு."

"ஓடாதுன்னு சொல்லிட்டியா?"

"சொன்னேன். சக்கரமே இல்லன்னும் சொன்னேன்."

"வருத்தப்பட்டிருப்பாரே."

"இல்ல, சந்தோசப்பட்டாரு. ஓடாட்டா காயலான் கடையில எடைக்குப் போட்டிருவாராம். நீங்க பாதியை அவுத்துப் போட்டதுல அவருக்குப் பாதி வேலை மிச்சமாம். உங்கள ரொம்பக் கேட்டதாச் சொல்லச் சொன்னாரு. பூஜை முடிஞ்ச மறுநாள் வெட்டுத ஆளக் கூட்டிட்டு வாராராம்."

"வெட்டுத ஆளா?"

"கேஸ் வச்சு வெட்டுவாவளாம்லா. கேபினத் தனியா, சேஸத் தனியா."

நான் எழுந்து வெளியே போனேன். லாரி கட்டைகளின்மேல் நின்றுகொண்டிருந்தது. அதற்கு வலது விளக்கில் கொஞ்சம் பார்வைக் குறைவு. அந்த விளக்கு என்னையே பார்ப்பதுபோல இருந்தது. இதன் ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான் என் உள்ளங்கை காய்த்தது. இதன் இருமலைக் கேட்காத காலை எனக்கு விடிந்ததாகவே கணக்கில்லை. இதை ஒருவன் கேஸ் வைத்து வெட்டுவதா? அதற்கு முன்பாதியை அவிழ்த்துக் கொடுத்தவன் நானா?

உள்ளே ஓடினேன். "ஏட்டி, ஓடுத வண்டிய எவனாவது வெட்டுவானா?"

"ஓடினா ஏன் வெட்டப் போறாவ?"

"ஓட்டிக் காட்டினா விக்க மாட்டியா?"

"ஆடாம ஓடினா நான் ஏன் விக்கப் போறேன்? ஆடுதுன்னுதான விக்கச் சொன்னேன்."

"இதை முதல்லயே சொல்லிருக்கலாம்லா?"

"நீங்க கேக்கலியே."

அந்த நொடியில் என் மூளை மறுபடியும் வேலை செய்தது. முன்பக்கத்தைச் சரியாகக் கட்டுவேன். வெட்டுகிற ஆள் திரும்பிப் போவான். அதன்பிறகு ஒருநாள், சத்தமில்லாமல், ஒரே ஒரு நட்டைக் கொஞ்சம் தளர்த்துவேன். 'கடகட' திரும்பி வரும். லாரியும் பிழைக்கும், நானும் பிழைப்பேன், பீரோ மட்டும் பஸ்ஸில் போகும்.

ஆனால் தளர்த்துவதற்கும் நட்டு வேண்டும். எல்லா நட்டும் மண்ணுக்குள் இருந்தன.

குப்புறப் படுத்து வெடிப்புக்குள் கையை விட்டேன். கம்பியை விட்டேன். ஒரு பழைய சீப்பும் ஒரு தவளையும் வந்தன. தவளை என்னைவிட அதிகமாகக் கோபப்பட்டது.

வேலிக்கு மேலே தலை. "என்ன அண்ணாச்சி, கிணறு தோண்டுதீங்களா?"

"நட்டுத் தேடுதேன்."

"அன்னைக்கு மத்தியானம் நீங்க ஒவ்வொண்ணா எண்ணிப் போட்டீங்களே, அந்த நட்டா?"

நான் மண்ணுக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டேன். பக்கத்தில் கொலுசுச் சத்தம் வந்து நின்றது. ஒரு கடலைமிட்டாய் டப்பா என் காதருகே இறங்கியது. திறந்தேன். நட்டுகள். ஒன்றுகூடக் குறையவில்லை. துடைத்து, எண்ணெய் போட்டு, வாஷர்களோடு பளபளவென்று இருந்தன.

"எப்படி எடுத்த?"

"பழைய ஸ்பீக்கர்ல காந்தம் இருந்துச்சு. நூலக் கட்டி உள்ள விட்டேன். அந்தக் கோழியால எவ்வளவு வேலை பாருங்க."

அவள் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து நான் வேலை பார்த்தேன். நிஜமாகவே வேலை. பைபாஸ் பக்கம் உள்ள பட்டறையில் ஒடிந்த பட்டைக்குப் பதில் புதுப்பட்டை வாங்கி வந்தேன். மற்ற பட்டைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஒன்றுக்கொன்று உரசாமல் கிரீஸ் தடவி, வரிசை மாறாமல் அடுக்கினேன். நடு போல்ட்டைப் போட்டு இறுக்கினேன். பழைய புஷ்களைத் தட்டி எடுத்துப் புதியதை இறக்கினேன். ஷாக் அப்சார்பரை மாற்றினேன். அச்சை ஜாக்கியால் மெல்ல மெல்ல உயர்த்தி, நடு போல்ட்டின் தலை அச்சிலுள்ள குழிக்குள் சரியாகப் போய் உட்காரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தபோது 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. அதைவிட இனிமையான சத்தத்தை நான் சமீபத்தில் கேட்டதில்லை.

யூ போல்ட் நட்டுகளை ஒரே மூச்சில் இறுக்கிவிடக் கூடாது. இந்த மூலையில் கொஞ்சம், எதிர்மூலையில் கொஞ்சம், பிறகு மறுபடி இங்கே என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். அப்போதுதான் பிடி சமமாக இருக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சுப்புத்தாய், "ஒரே பக்கமா இறுக்கினா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"மறுபக்கம் நழுவிரும். இங்கன கொஞ்சம் கொடுத்து, அங்கன கொஞ்சம் இறுக்கணும். ஆளுக்கே தெரியாம கடைசில ரெண்டு பக்கமும் அசைய முடியாது."

"அது எனக்குத் தெரியும்" என்றாள்.

லாரி வேலையைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்து, "உனக்கு எப்படித் தெரியும்?" என்று சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

ஆயுத பூஜை அன்று எங்கள் தெருவில் வண்டி இல்லாத வீட்டுக்காரர்கள் வண்டி வைத்திருப்பவர்களைப் பார்க்கவே வெளியே நிற்பார்கள். லாரியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, சந்தனம் வைத்தேன். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். சூடம் காட்டினாள் சுப்புத்தாய். நான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினேன். இருமல் வந்தது. பழம் நசுங்கியது. வண்டி நகர்ந்தது.

சத்தமே இல்லை. தெரு மூச்சை அடக்கிப் பார்த்தது. குழாய்க்காகத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. லாரி தொட்டில் போல அசைந்து நின்றது. ரகசியம் கேட்கிற அந்தச் சாய்வு போய்விட்டது.

நான் அத்தோடு இறங்கியிருக்க வேண்டும். இறங்கி, "இன்னும் லேசா ஆடுது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"அடிக்கடி போற பள்ளம்லா, அதான் தெரியல போல" என்று பால்துரை அண்ணாச்சி சுண்டலை மென்றுகொண்டே இழுத்தார். "பட்டறையில கட்டின மாதிரி வருமா?"

பட்டறையா? எனக்கு ரத்தம் கொதித்தது.

"சுப்பு! ஒரு டம்ளர்ல தண்ணி கொண்டா! விளிம்பு வரைக்கும் ஊத்து!"

அவள் ஓடிப் போகவில்லை. கையிலேயே வைத்திருந்தாள். நிறைந்த டம்ளர். அதை வாங்கி எல்லோரும் பார்க்கும்படி முன் கண்ணாடிக்கு உள்ளே வைத்தேன். தெருமுனை வரை போனேன். பள்ளத்தில் இறங்கினேன். வேகத்தடையில் ஏறினேன். திரும்பி வந்தேன். டம்ளரை வெளியே நீட்டினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

தெரு கைதட்டியது. நான் கதவைத் திறந்து படியில் நின்றுகொண்டு அறிவித்தேன்: "இந்த முன்பக்கத்தை வச்சிக்கிட்டு எந்த ரோட்டுலயும் போகலாம் வே! எந்த ரோட்டுலயும்!"

"நாகலாபுரம் ரோட்டுல?" என்று ஒரு குரல் மெதுவாகக் கேட்டது.

"கண்ண மூடிக்கிட்டுப் போகலாம்!"

கைதட்டல் ஓய்ந்தபிறகுதான் அது யாருடைய குரல் என்று எனக்குப் புரிந்தது.

"அண்ணாச்சி, நீங்கதான் சாட்சி" என்று பால்துரையிடம் சொல்லிவிட்டு, அந்த டம்ளர் தண்ணீரை என்னிடமே நீட்டினாள் சுப்புத்தாய். "குடிங்க. தொண்டை வறண்டிருக்கும்."

குடித்தேன். உண்மையாகவே வறண்டிருந்தது.

"கயத்தாறுக்காரர்கிட்ட என்ன சொல்லுவ?" என்று கேட்டேன்.

"வண்டிய விக்கலன்னு சொல்லிருதேன்" என்று அங்கேயே போனை எடுத்துப் பேசினாள். மறுமுனையில் யாரோ சிரிப்பது கேட்டது. வண்டி கிடைக்காத மனிதர் இவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்கிறாரே, பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி முதல் முகூர்த்தத்தில் பீரோ லாரியில் ஏறியது. அதன் கண்ணாடி வழியெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தது. சுப்புத்தாய் புதுச்சேலை கட்டி என் பக்கத்தில், கேபினில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எட்டயபுரம் தாண்டியது. விளாத்திகுளம் தாண்டியது. கதவு தனியாக வரவில்லை. கண்ணாடி தனியாக வரவில்லை. பாழாய்ப்போன முன்பக்கம் ஒரு முனகல்கூட முனகவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபோது, சரி, இந்த ஒரு பயணம் போனால் போகட்டும் என்றுகூடத் தோன்றியது.

ஊருக்குள் நுழைந்தோம்.

"வண்டி வந்துட்டு!" என்று குருசாமி கத்தினான்.

பீரோ இறங்குவதற்குள் மக்காச்சோள மூட்டைகள் வந்துவிட்டன. அதற்குப் பின்னால் மிளகாய் மூட்டைகள். அதற்குப் பின்னால் ஆடுகள், வம்ச விருத்தி அடைந்து, முன்பைவிடக் கூடுதலாக. வருடக் கணக்கில் நான் வராமல் சேர்த்துவைத்த பாரம் எல்லாம் வரிசையில் நின்றது. அந்த வரிசையின் முன்னால், அழுக்கு லுங்கியோடு, தலையில் ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு ஒருவர் வந்தார். மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தார்.

பையில் பேனா இல்லை. கக்கத்தில் பை இல்லை. ஆனால் முகம் அதே முகம். கயத்தாறு யோகராஜ்.

"நீங்க... இங்கன...?"

"யோகராஜும் இல்ல, கயத்தாறும் இல்ல. இவரு நம்ம கிட்டு" என்றாள் சுப்புத்தாய், மிகச் சாதாரணமாக. "சித்தி மக பானுவக் கட்டினவரு. அவிய கல்யாணத்துக்குத்தான் நம்ம வண்டி தாங்காதுன்னு நீங்க வரலியே. ஆல்பம்கூடக் காட்டினேன்."

ஆல்பம் ஞாபகம் இருந்தது. அவியல் நன்றாக வந்திருந்தது. மாப்பிள்ளையை நான் பார்க்கவில்லை.

கிட்டு கையைத் துடைத்துக்கொண்டு, லாரியின் முன் சக்கரத்தருகே போய், குனிந்து பார்த்து, என்னிடம் மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"மன்னிச்சுக்கிடுங்க சகலை, ஓங்கி உதைக்கணும்னு மதினி சொல்லித் தந்தாவ; அன்னைக்கு ரொம்பப் பலமா உதைச்சிட்டனோ?"